கேட்டுக்கு வெளியே ஐம்பது மீட்டர்

பிள்ளையின் எடைக்கு அம்மாவின் சமையலைக் குற்றம் சொல்கிறோம். பள்ளி வாசலில் தொங்கும் ஐந்து ரூபாய்ச் சரத்தை யார் கேட்பது?

மாலை நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். சென்னைப் புறநகரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியின் எதிர்ச்சாரி. பெல் அடிப்பதற்கு முன்பே தெரு தயாராகிவிடுகிறது. பெட்டிக்கடைக்காரர் உள்ளே கிடந்த சிப்ஸ் சரங்களை எடுத்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் முன்பக்கக் கம்பியில் மாட்டுகிறார். பானிபூரிக்காரர் பானையில் புளித்தண்ணீரைக் கலக்குகிறார். பக்கத்துத் தள்ளுவண்டியில் சிக்கன் பக்கோடாவுக்கு எண்ணெய் காய்கிறது. எல்லோருக்கும் கடைசியில், சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி மாங்காயைப் பத்தை போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அடுக்குகிறார்.

கேட் திறந்ததும் சீருடைகள் தெருவில் கொட்டுகின்றன. "அண்ணா, பச்சை ஒண்ணு!" "எனக்கு ஆரஞ்சு!" யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. நிறத்தைச் சொன்னால் போதும், கடைக்காரரின் கை தானாகக் கிழித்துக் கொடுக்கிறது. பேரனை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்த தாத்தா பத்து ரூபாயை நீட்டுகிறார். "ஒண்ணுதான்டா. வீட்டுல அம்மாகிட்ட சொல்லிடாத." புறப்படத் தயாரான வேனின் ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு இரண்டு பாக்கெட்டுகளை வாங்கி உள்ளே போகிறது. இருபது நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது. சரங்கள் காலி. பாட்டியின் கூடையில் பாதி மாங்காய் அப்படியே இருக்கிறது.

இந்தக் காட்சியில் பெரும்பகுதி சட்டப்படி நடக்கவே கூடாதது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. அது நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஊர்ப் பள்ளி வாசலிலாவது அதன் அடையாளம் தெரிகிறதா என்று வாசகர்களே ஒருநாள் மாலை போய்ப் பார்க்கலாம்.

■ பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

• பள்ளிகளைச் சுற்றி நொறுக்குத்தீனி விற்பனையைக் கட்டுப்படுத்தக் கோரி 2010இல் உதய் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.
• அதன் தொடர்ச்சியாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான, சமச்சீர் உணவு விதிகளை வெளியிட்டது. 2021 ஜூலை முதல் அமல்.
• பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் இவ்வகைத் தின்பண்டங்களை மாணவர்களுக்கு விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது. இலவசமாகவும் கொடுக்கக் கூடாது.
• ஒப்பிட ஒன்று: 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர் விலகலைக் கேட்கிறது.

21.4க்கும் 3.6க்கும் நடுவில்

உடல் பருமன் என்றதும் நமக்கு அமெரிக்கா நினைவுக்கு வரும். அது பழைய கதை. யுனிசெஃப் 2025 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். வரலாற்றில் முதல்முறையாக, ஒல்லிப் பிள்ளைகளைப் பருமனான பிள்ளைகள் எண்ணிக்கையில் முந்திவிட்டார்கள். தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவும் மட்டும் இன்னும் விதிவிலக்கு. நம் பகுதியில் எடைக் குறைவுதான் இப்போதும் பெரிய பிரச்சினை. ஆனால் தெற்காசியாவின் சராசரிக்குள் சென்னையை அடக்க முடியாது.

மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னையின் 51 பள்ளிகளில், 6 முதல் 17 வயது வரையிலான சுமார் 19,000 மாணவர்களை அளந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. 'ஆரஞ்ச்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில், சர்வதேச அளவுகோல்படி தனியார் பள்ளி மாணவர்களில் 21.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களில் 3.6 சதவீதம். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே கடற்காற்று. வித்தியாசம் மட்டும் ஆறு மடங்கு.

அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைதான் குண்டாகிறது. அங்கே மலிவானது பர்கர். சென்னையில் பை நிறைய பாக்கெட் மணி உள்ள பிள்ளை குண்டானது. பணம் இருக்கும் தெருவைத் தேடித்தான் பேக்கரியும் பீட்சாக் கடையும் வந்தன. வேனில் போய், டியூஷனில் உட்கார்ந்து, விளையாட மைதானமே இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தெரு மிச்ச வேலையைச் செய்தது.

அரசுப் பள்ளி வாசலுக்கு உள்ளேயோ வேறு கதை. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு வந்த முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் உப்புமா, கிச்சடி, பொங்கல். ஒரு பிள்ளை பகலில் என்ன சாப்பிடும் என்பதை அரசே தீர்மானிக்கும் இடம் அது. உலகில் பல நாடுகள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும் 'உணவுச் சூழல்' என்பதை, பெயர் வைக்காமலே வளாகத்துக்குள் நாம் எப்போதோ கட்டிவிட்டோம். கேட்டுக்கு வெளியேதான் கோட்டை விட்டோம்.

அந்த 3.6 இன்று அப்படியே இருக்கும் என்று நம்பினால் அது அசட்டுத்தனம். ஆய்வு நடந்த நாட்களுக்குப் பிறகு ஐந்து ரூபாய்ப் பாக்கெட் குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரை போய்விட்டது. வீட்டுப் பெரியவர்களைப் பாருங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், அடுத்த ஐந்தாண்டில் அதுவே 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. பிள்ளைகள் வளர்வதும் அதே வீட்டில், அதே தெருவில்தான்.

சரத்தின் கணக்கு

ஐந்து ரூபாய்க்கு இன்று என்ன கிடைக்கும்? ஒரு முட்டை வராது. வேகவைத்த கடலை ஒரு கூம்புக்குப் பத்து ரூபாய் வேண்டும். கொய்யாவைக் கீறி மிளகாய்த்தூள் தடவித் தர அதற்கு மேலும் கேட்பார்கள். ஐந்து ரூபாய்க்கு உறுதியாகக் கிடைப்பது, காற்றடைத்த ஒரு பாக்கெட். சில உள்ளூர்ப் பாக்கெட்டுகளுக்குள் பிளாஸ்டிக் பொம்மையும் இருக்கும். பிள்ளை வாங்குவது பொம்மையையா தின்பண்டத்தையா என்று அதற்கே தெரியாது.

கடைக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் வேறு. கொய்யா நாளை மறுநாள் அழுகும். சுண்டல் சாயங்காலமே புளிக்கும். பாக்கெட் மாதக்கணக்கில் தொங்கும். விற்காவிட்டால் மாற்றிக் கொடுக்க ஆள் உண்டு. கம்பெனியின் சேல்ஸ்மேன் வாரம் தவறாமல் கடைக்கே வந்து இறக்கிப் போகிறார். சரம் தொங்கவிடும் ஸ்டாண்டு இலவசம். கடையின் பெயர்ப் பலகையைக்கூடக் குளிர்பானக் கம்பெனி எழுதிக் கொடுக்கிறது, தன் சின்னத்தைப் பெயரைவிடப் பெரிதாகப் போட்டு. கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டியும் அவர்களுடையதே. அதற்குள் அவர்களுடைய பாட்டில்தான் இருக்க வேண்டும் என்பது பேச்சு. மாங்காய் விற்கும் பாட்டிக்கு யாராவது ஒரு குடையாவது வாங்கிக் கொடுத்தார்களா?

ஆக, வாசலில் போட்டி சமமாக நடக்கவில்லை. பிள்ளையின் நாக்கு ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது என்கிறோம். அதற்கு முன்பே கடையின் முன்கம்பி தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது.

உள்ளே இருப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமில் 530 முதல் 550 கலோரி. அதில் மூன்றில் ஒரு பங்கு எடை வெறும் எண்ணெய். கோலா வகைக் குளிர்பானம் 250 மில்லியில் சுமார் 26 கிராம் சர்க்கரை, ஆறு தேக்கரண்டிக்கு மேல். நாளின் மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும், ஐந்து சதவீதமானால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது ஏறக்குறைய 20 கிராம். ஒரே பாட்டிலில் கதை முடிந்தது. காலையில் குடித்த சத்துமாவுப் பானமும் இடைவேளை பிஸ்கட்டும் தனிக்கணக்கு.

தூரத்தை அளந்தவர்கள்

கடை பக்கத்தில் இருப்பதால்தான் பிள்ளை குண்டாகிறதா, இல்லை, குண்டாகும் பழக்கமுள்ள குடும்பங்கள் இருக்கும் இடத்துக்குத்தான் கடை வருகிறதா? ஆய்வாளர்களை நெடுங்காலம் திணறவைத்த கேள்வி இது. அமெரிக்கர்கள் இதற்குச் சில நல்ல பதில்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் உடல்தகுதிப் பதிவுகளைப் பள்ளிக்கும் துரித உணவுக் கடைக்கும் உள்ள தூரத்தோடு ஒட்டிப் பார்த்து, 2010இல் பொருளாதார அறிஞர்கள் நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளியிலிருந்து பத்தில் ஒரு மைல், அதாவது சுமார் 160 மீட்டருக்குள் கடை இருந்தால் மாணவர்களின் பருமன் விகிதம் 5.2 சதவீதம் உயர்ந்தது. கடை கால் மைலுக்கு அப்பால் என்றால் தாக்கமே தென்படவில்லை. பிள்ளைகள் சோம்பேறிகள், நடந்து போய் வாங்கும் தூரம்தான் எல்லாம்.

நியூயார்க்கில் பள்ளி மாணவர்களின் வீட்டு முகவரியிலிருந்து துரித உணவுக் கடை வரை அளந்தார்கள். வீட்டிலிருந்து அரைத்தெரு தொலைவுக்குள் கடை இருந்த பிள்ளைகளில் 20 சதவீதம் பேர் பருமன். அதிக எடையையும் சேர்த்தால் 38 சதவீதம். தொலைவு கூடியபோது விகிதம் இறங்கியது. இன்னொரு ஆய்வு இன்னும் சாமர்த்தியமானது. அரசின் பொதுக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களை எடுத்துக்கொண்டது. அவர்கள் தெருவைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒதுக்கிய வீட்டுக்குப் போனார்கள். அங்கும் துரித உணவுக் கடைக்கு அருகே வாழ்ந்த பிள்ளைகளின் எடை கூடுதலாகவே இருந்தது, சிறு வயதுப் பிள்ளைகளிடம் அது அழுத்தமாகத் தெரிந்தது. சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களும் தெருவைத் தேர்ந்தெடுத்துப் போனவர்கள் அல்லர். அந்தப் பிள்ளைகளை இந்தக் கண்ணோட்டத்தில் அளந்து பார்க்க நம் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.

தோற்றுப்போன முயற்சியையும் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2008இல் தன் தெற்குப் பகுதியில் புதிதாகத் தனிக் கட்டடத் துரித உணவுக் கடைகள் திறக்கத் தடை போட்டது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2015இல் ஆராய்ந்தபோது, பருமன் அங்கே குறையவில்லை, கூடியிருந்தது. காரணம் எளிது. பழைய கடைகள் அப்படியே இருந்தன. மூலைக்கடைகளைத் தடை தொடவே இல்லை. பெரிய பலகை வைத்த கடையைத் தடுத்துவிட்டு சின்னக் கடையை விட்டால் ஒன்றும் நடக்காது என்பது அந்தப் பாடம். நமக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்; நம் ஊரில் எல்லாமே மூலைக்கடைதான்.

உடம்புக்குள் நடப்பது

"புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கு, கண்ணு பட்டுடப் போகுது" என்று திருஷ்டி கழிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. "வளர்ந்தா சரியாயிடும்" என்பது அதன் அடுத்த வரி. சரியாவதில்லை. உலகளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பருமனான பதின்வயதினரில் ஐந்தில் நான்கு பேர் பெரியவர்களான பிறகும் பருமனாகவே இருக்கிறார்கள்.

குழந்தைநல மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்ததும் முதலில் சட்டைக் காலரை விலக்கிப் பிடரியைப் பார்ப்பார். அங்கே வெல்வெட் போலத் தடித்த கருமை இருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அம்மாக்கள் அதை அழுக்கென்று நினைத்து நார் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தேய்த்தால் போகாது. அதற்குள் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்திருக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பத்தாம் வகுப்பில் டைப் 2 நீரிழிவு வந்தால், முப்பது வயதில் சிறுநீரகமும் கண்ணும் கணக்குக் கேட்கும். பெரியவர்களுக்கு வருவதைவிடப் பிள்ளைகளுக்கு வரும் டைப் 2 வேகமாகச் சீர்கெடும் என்பதும் மருத்துவம் அறிந்ததே.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை. எடை கூடக் கூடப் பூப்பு முன்னதாகவே வரும் வாய்ப்பு அதிகம். நாலாம் வகுப்பில் நாப்கின் தேடும் நிலை. பின்னால் மாதவிடாய் தப்புவது, முகத்தில் முடி, சினைப்பையில் நீர்க்கட்டி என்று வரிசை கட்டும். பிறகு வரன் பார்க்கும் இடத்தில் அதே பெண்ணிடம் "கொஞ்சம் எடையைக் குறைக்கக் கூடாதா" என்று கேட்பதும் இதே சமூகம்தான்.

இரவில் குறட்டை, விட்டுவிட்டு மூச்சு, காலையில் எழ முடியாமை, வகுப்பில் தூக்கம், அதனால் மார்க் குறைவு. முழங்கால் வலியால் பி.டி. பீரியடில் ஓரமாக உட்காருவது, உட்காருவதால் இன்னும் எடை. பள்ளியில் 'குண்டு', 'பூசணி', 'யானை' என்று பட்டப்பெயர். கேலியில் நொந்த பிள்ளை எதில் ஆறுதல் தேடும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட மோசம், எடை கூடிய பிள்ளைக்குச் சத்துக் குறைவும் சேர்ந்தே இருப்பது. நாலரை மணிக்குப் பாக்கெட்டை முடித்த பிள்ளை ஏழரை மணிக்குக் கீரையைத் தொடாது. உடம்பில் கொழுப்பு சேரும், இரத்தத்தில் இரும்புச்சத்து இறங்கும். இரத்தசோகையோடு குண்டாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து "நல்லா சாப்பிடுறான்" என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

ஒல்லிப் பிள்ளையைப் பெற்றவர்களும் நிம்மதியடைய வேண்டாம். 2016-18இல் நடந்த மத்திய அரசின் விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதினரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை இருந்தது. அந்த வயதில் அதிக எடையுள்ளவர்களோ ஐந்து சதவீதம் அளவில்தான். அதாவது, மெலிந்த பிள்ளைகளுக்குள்ளும் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது. இந்திய உடம்பு ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் வகை. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டைகள் அதனால்தான் எச்சரிக்கைக் கோட்டைச் சர்வதேச அளவைவிடக் கீழே வைத்திருக்கின்றன. பெரியவர்களின் உடல் நிறைக் குறியீட்டில் 23 என்ற அளவுக்கு இணையான கோட்டைத் தாண்டினாலே அதிக எடை. 27க்கு இணையானதைத் தாண்டினால் பருமன்.

பஞ்சு மிட்டாய்க்கு ஒரு நியாயம்

அரசுக்குத் தடை போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரிந்து பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை. இரண்டும் சரியான முடிவுகளே. ஆனால் இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு: ஆபத்தான பொருளைச் சோதனைக்கூடத்தில் உடனே காட்டிவிடலாம். சாயமோ கிருமியோ சோதனையில் பிடிபடும், மறுநாள் செய்தி வரும். பாக்கெட்டின் விளைவோ பதினைந்து வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு மருத்துவரின் அறையில் வெளிப்படும். அதற்கு எந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கண்ணை உறுத்துகிறது. பஞ்சு மிட்டாய்த் தடையில் கையில் கழியோடு நின்றவர், வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஒரு இளைஞர். பள்ளி வாசல் 'சுத்தப்படுத்தப்படும்' நாளில் முதலில் எழுப்பப்படுபவர் சாக்கு விரித்த பாட்டி. ஈ மொய்க்கிறது, சுகாதாரக் கேடு என்பார்கள். அவருக்குப் பின்னால், நல்ல கண்ணாடிக் கதவுக்குள் குளிரில் நிற்கும் பாட்டிலை யாரும் தொட மாட்டார்கள். அதில்தான் உரிம எண் அச்சடித்திருக்கிறதே!

பாட்டியின் கடையைப் புனிதப்படுத்தவும் இல்லை. கமர்கட்டும் தேன் மிட்டாயும் சர்க்கரைதான், பஜ்ஜி எண்ணெய்தான். 'எங்க காலத்துல' என்று ஆரம்பிப்பவர்கள் இலந்தவடையைச் சத்துணவு ஆக்கிவிடுவார்கள். ஆனால் கொடுக்காப்புளி, நெல்லிக்காய், கொய்யா, பனங்கிழங்கு, அவித்த கடலை, சுண்டல், சோளம் ஆகியவற்றை விற்பவரையும், கம்பெனிச் சரத்தை விற்பவரையும் ஒரே தடியால் துரத்துவது சட்டமாகாது.

வரி விஷயத்தில் இன்னும் விசித்திரம். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தில் சர்க்கரைக் குளிர்பானங்களுக்கு 40 சதவீதம், நல்லது. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் வரி 18இலிருந்து 5 ஆனது. பாக்கெட் மிக்சர் வகைகள் 12இலிருந்து 5. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலையை அசைக்க விரும்பாத பல நிறுவனங்கள் அதே விலைக்கு எடையைக் கூட்டித் தருவதாக அறிவித்தன. பிள்ளையின் கையில் அதே காசு, பாக்கெட்டில் கூடுதல் கிராம். கேரளம் 2016இல் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டதும், மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கியதும் இங்கே நினைக்கத்தக்கது.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை அச்சடிக்கும் பேச்சும் இழுத்துக்கொண்டே போகிறது. 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்வைத்தது எச்சரிக்கை அல்ல, நட்சத்திரம்! அரை நட்சத்திரம் வாங்கிய சிப்ஸ்கூட ஏதோ பரிசு பெற்றது போலத்தான் பிள்ளைக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு விரைவில் முடிவெடுக்கச் சொன்னது.

■ பெட்டிச் செய்தி: மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

தென்கொரியா: பள்ளியைச் சுற்றி 200 மீட்டரை 'பசுமை உணவு மண்டலம்' என்று 2009 முதல் வரையறுத்தது.

சிலி: 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை, பள்ளிக்குள் விற்பனைக்குத் தடை, பாக்கெட்டில் கார்ட்டூன் உருவங்களுக்குத் தடை. சட்டம் வந்தபின் முத்திரை பெறும் வகைப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு சுமார் 24 சதவீதம் குறைந்தது.

மெக்சிகோ: 2014இல் குளிர்பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி, 2025 மார்ச் இறுதியிலிருந்து பள்ளிகளில் நொறுக்குத்தீனி விற்பனைக்கே தடை.

இங்கிலாந்து: கேட்ஸ்ஹெட் நகரம் 2015 முதல், பருமனான பிள்ளைகள் பத்து சதவீதத்தைத் தாண்டிய வார்டுகளில் புதிய பார்சல் உணவுக் கடைகளுக்கு அனுமதி மறுத்தது. லண்டனின் நகரத் திட்டம் பள்ளிக்கு 400 மீட்டருக்குள் அத்தகைய புதிய கடைகள் கூடாது என்கிறது.

ஐம்பது போதாது

ஐம்பது மீட்டர் என்பது பெரியவர்களின் நடையில் எழுபது தப்படி. பெரிய பள்ளியானால் அதன் சுற்றுச்சுவரே அதைவிட நீளம். கலிபோர்னியக் கணக்கில் தாக்கம் தெரிந்தது 160 மீட்டரில். கொரியா வைத்தது 200. நம் 50க்கு எந்தக் கணக்கும் இல்லை. சட்டம் போட்டோம் என்று சொல்லிக்கொள்ள உதவும், அவ்வளவே. அதையும் அமல்படுத்தவில்லை என்பது வேறு.

செய்ய முடியாதது ஒன்றுமில்லை. வாசல் கடைக்குத் தொழில் உரிமம் தருவது மாநகராட்சியோ நகராட்சியோதான். பள்ளிக்கு 200 மீட்டருக்குள் உள்ள கடை, பள்ளி விடும் நேரத்தில் இவ்வகைப் பாக்கெட்டையும் குளிர்பானத்தையும் மாணவருக்கு விற்காது என்பதை உரிம நிபந்தனையாக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுக்கள் இருக்கின்றன. பழம், சுண்டல், கடலை விற்பவர்களுக்குப் பள்ளி வாசலில் முதலிடம் கொடுத்து, அடையாள அட்டையும் நிழலும் குடிநீரும் தரலாம். பாட்டியைத் துரத்துவதற்குப் பதில் அவருக்கு அந்த இடத்தைச் சட்டப்படியே கொடுக்கலாம். பெட்டிக்கடைக்காரரும் எதிரி அல்ல. முன்கம்பியில் சரத்துக்குப் பதில் வாழைத்தாரைத் தொங்கவிட்டாலும் அவருக்கு வியாபாரம்தான், அழுகும் நட்டத்தைச் சமாளிக்க மட்டும் கை கொடுக்க வேண்டும்.

வாசல் ஓய்ந்தாலும் செல்போனுக்குள் இன்னொரு தெரு திறந்திருக்கிறது என்பது உண்மை. பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் வந்து கதவைத் தட்டும் ஊரில் மீட்டர் கணக்கு எங்கே நிற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் போன் அப்பா, அம்மாவின் கையில், அவர்கள் ஓ.டி.பி.யில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை தனியாக, கையில் காசோடு, யாரும் பார்க்காமல் முடிவெடுக்கும் ஒரே இடம் பள்ளி வாசல். முதலில் காக்க வேண்டியது அதைத்தான்.

அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; தனியார் பள்ளியானால் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அடுத்த கூட்டத்தில் மார்க் ஷீட்டைப் பற்றிப் பேசி முடித்ததும், வாசலிலிருந்து 50 மீட்டரை அளந்து தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள்: எந்தக் கடை, என்ன விற்கிறது, எந்த விளம்பரப் பலகை. அதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்பி, நகலை மாநகராட்சிக்குக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். நடவடிக்கை வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காரணம் கேளுங்கள். 2020 விதிகள் மாற்றப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் ஐம்பது மீட்டரைக் கேட்க இன்றே உங்களுக்கு உரிமை இருக்கிறது.